ஓரத்தில் நிற்பவர்கள்

பழைய மதராஸ் படம் ஒன்றை யாரிடம் காட்டினாலும் முதலில் வருவது ஒரே பேச்சுதான்: "அப்பா, எவ்ளோ காலியா இருக்கு!" மவுண்ட் ரோடு விரிந்து கிடக்கும். ஒரு ஜட்கா, நாலு மரம், தூரத்தில் குடை பிடித்த ஒருவர். உடனே ஒரு பெருமூச்சு. அந்தக் காலத்து நிம்மதி, அந்தக் காலத்துக் காற்று என்று பேச்சு எங்கெங்கோ போகும். பள்ளிக்கூட வயதில் எனக்கும் அந்தப் பெருமூச்சு உண்டு. அதைக் கிண்டல் செய்தே விரட்டியவர் என் தாய்மாமா.

மாமா மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தார். அது என்ன வேலை என்று இன்றைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நெகட்டிவ்வைச் சாய்வு மேசையில் பொருத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்துக்கொள்வார். ஊசி மாதிரி சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பு, பரு, நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே உள்ள கருமை எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாக மூடுவார். நெகட்டிவ்வில் தெளிவாக இருக்கும் இடம் படத்தில் கருப்பாக விழும். அங்கே பென்சில் ஏறினால் கருப்பு குறையும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண்களின் படங்கள்தான் அவர் மேசைக்கு அதிகம் வரும். வருஷக்கணக்காக முகங்களை அழகாக்கியவர் என்பதாலோ என்னவோ, படத்தில் இருக்கும் முகத்தின் மேல் அவருக்கு மரியாதையே கிடையாது. "மூஞ்சியப் பாக்காதடா, அது நான் போட்டது. காலப் பாரு" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூர் மார்க்கெட்டுக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். 1970களின் நடுப்பகுதி. சென்ட்ரலை ஒட்டி அந்தச் சிவப்புக் கட்டடம், 1900-ல் திறந்தது. கிராமபோன் தட்டு, கிளி, முயல், மீன்தொட்டி, யாரோ போட்டுக் கழித்த கோட்டு, வெளிநாட்டுத் தபால்தலை, போன வருஷத்துப் பாடப்புத்தகம் என்று கேட்டது கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவன் கையில் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டு நடந்துதான் வீடு திரும்ப வேண்டும். அங்கே பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு பிஸ்கட் டின் நிறைய பட அஞ்சலட்டைகள் கிடந்தன. இந்த நூற்றாண்டுக்காரர்களுக்கு வாட்ஸ்அப் எப்படியோ, அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த அட்டைகள் அப்படி. மவுண்ட் ரோட்டில் 1890களில் கடை போட்ட வீலே அண்ட் கிளைன் போன்ற ஸ்டுடியோக்கள் ஊரைப் படம் பிடித்து அட்டையாக்கி விற்றன. துரைமார்கள் அவற்றில் இரண்டு வரி எழுதிச் சீமைக்கு அனுப்பினார்கள். நாங்கள் டின்னைக் கிளறிக்கொண்டே இருப்போம், வாங்க மாட்டோம். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வாரா வாரம் வந்து பொரட்டிக்கினே கீற, ஒண்ணாவது வாங்கேன்" என்பார். மாமா ஒன்று வாங்குவார்.

அப்படி வாங்கியதில் ஒன்று சென்ட்ரல் ஸ்டேஷன். முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை. நான் வழக்கம்போல் பெருமூச்சு விட்டேன். மாமா சட்டைப் பையிலிருந்து, வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்த லென்ஸை எடுத்துக் கொடுத்தார். "மணி என்னன்னு சொல்லு." கோபுரக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு அடிக்கக் கொஞ்ச நேரம். கட்டடத்தின் நிழல் தெருவின் பாதிவரை நீண்டு கிடந்தது. காலை வேளை. "ரோட்டப் பாரு இப்ப." கல் பாவிய தரையில் இழுத்துவிட்ட மாதிரி ஒரு சாம்பல் கறை. லென்ஸை நகர்த்தினால் அந்தக் கறைக்கு ஒரு சக்கரம் இருந்தது. இன்னொரு கறைக்கு இரண்டு கால் இருந்தது. மேலே உடம்பு இல்லை. கால் தரையில் பதிந்த கணத்தில் மட்டும் பிளேட்டில் ஏறியிருக்கிறது, மற்றதெல்லாம் அசைந்து கரைந்துபோய்விட்டது. "ஊரு காலி இல்லடா. ஷட்டரு மெதுவு" என்றார் மாமா.

அன்றிலிருந்து பழைய படத்தில் வெற்றிடத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

சந்தேகத்துக்குக் காரணமும் உண்டு. இந்த ஊரின் மிகப் பழைய புகைப்படங்களில் ஒரு தொகுதி ஃபிரெடரிக் ஃபீபிக் என்பவர் 1850களின் தொடக்கத்தில் எடுத்தது. கல்கத்தாவில் கல்லச்சுத் தொழில் செய்து, பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர். காகித நெகட்டிவ், படம் வந்த பிறகு கையால் வண்ணம் தீட்டுவார். அவர் எடுத்த ஏறத்தாழ 500 படங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1856-ல் வாங்கியது. இப்போது அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காகிதத்தில் வெளிச்சம் ஏற நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுக்க அசையாமல் இருந்ததுதான் படத்தில் தங்கும். கட்டடம் தங்கும். அசைபோடாமல் தூங்குகிற மாடு தங்கும். மரத்தடியில் படுத்தவர், சுவரில் சாய்ந்தவர், வாசலில் காவலுக்கு உட்கார்ந்தவர் தங்குவார்கள். கூடையைத் தலையில் வைத்து விறுவிறுவென்று நடந்தவள் தங்க மாட்டாள். மூட்டை தூக்கியவர், வண்டி இழுத்தவர், தண்ணீர் சுமந்தவர் யாரும் தங்க மாட்டார்கள். வேலை செய்தவர்களெல்லாம் கரைந்துபோக, சும்மா இருந்தவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் அது. அந்தப் படங்களைச் சீமையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், இந்த ஊர்க்காரர்கள் சோம்பேறிகள் என்று நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஃபீபிக்குக்குச் சில ஆண்டுகள் கழித்து மதராஸ் அரசே ஒரு புகைப்படக்காரரை வேலைக்கு வைத்தது. கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை என்று சுற்றி அவர் எடுத்த படங்கள் 1858-ல் தொகுப்புகளாக வந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஓடும் அடிப்புறச் சுவரைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி நீளமான ஒரே படமாக்கினார். அடுத்து வந்த கவர்னர் ட்ரெவெல்யன் இதெல்லாம் வீண் செலவு என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். ட்ரைப்பின் மதுரையிலும் ஆள் நடமாட்டம் குறைவுதான். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அவர் காலத்துப் படங்களில் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். ட்ரைப் தூரிகையால் நெகட்டிவ்வில் மேகம் போட்டார், மரங்களில் இலைகளுக்கு உயிர் கொடுத்தார். மாமா இருந்திருந்தால், "பாத்தியா, கேப்டனே நம்ம ஆளு" என்றிருப்பார்.

மாமா சொன்ன கால் விஷயத்துக்கு வருகிறேன். வெட்ட வெளியில் எடுத்த எந்தப் பழைய படத்திலும் தலையிலிருந்து தொடங்கினால் தலைப்பாகை, கோட்டு, அங்கவஸ்திரம் என்று எல்லோரும் ஏதோ கனவான்களாகத் தெரிவார்கள். காலிலிருந்து தொடங்கினால் ஊரின் கணக்கு வேறு. பூட்ஸ் ஓரிருவர், செருப்பு சிலர், மற்றவர்கள் அத்தனை பேரும் வெறுங்கால். கோட்டுப் போட்டவரிலும் வெறுங்கால் உண்டு. சித்திரை வெயிலில் அந்தச் சாலையில் வெறுங்காலோடு கைரிக்‌ஷா இழுத்தவரின் பாதத்தைப் பார்த்த பிறகு அந்தக் காலத்து நிம்மதி என்ற பேச்சு வாயில் வராது. ஆளை ஆள் இழுக்கும் அந்த வண்டி இந்த நகரத்தில் 1973 வரை ஓடியது. நானே பார்த்திருக்கிறேன், ஏறியும் இருக்கிறேன், பாட்டியின் மடியில்.

பெண்கள் எங்கே என்று கேட்டாலும் இதே கதைதான். தெருப் படங்களில் பெண் அகப்பட்டால் அநேகமாக அவள் தலையில் ஏதாவது இருக்கும்: மீன் கூடை, கீரைக்கட்டு, செங்கல், குடம். தலையில் எதுவும் இல்லாமல் காற்று வாங்கப் போகும் பெண் நெடுங்காலத்துக்குத் தெருப் படங்களில் அபூர்வம். வசதியான வீட்டுப் பெண்களைப் பார்க்க ஸ்டுடியோவுக்குள் போக வேண்டும்; அங்கே அவர்கள் முழங்கையை ஒரு பொய்த் தூணில் ஊன்றி நிற்பார்கள்.

ஸ்டுடியோவுக்குள் நின்ற வேறு சிலரும் உண்டு. அவர்கள் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அல்லர். சலவைத் தொழிலாளி, நாவிதர், செருப்பு தைப்பவர், பாம்பாட்டி, தண்ணீர் சுமப்பவள் என்று தொழிலுக்கு ஒருவராகத் தெருவிலிருந்து அழைத்துவந்து, பூந்தோட்டம் வரைந்த திரைக்கு முன் நிறுத்தி, கையில் கருவியைக் கொடுத்து எடுத்த படங்கள். அட்டையின் கீழே தொழிலின் பெயர் இருக்கும், சாதியின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் மட்டும் இருக்காது. இதே பார்வைதான் அருங்காட்சியகம் வரை போயிற்று. எழும்பூர் மியூசியத்தின் கண்காணிப்பாளராக 1885-லிருந்து 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து, படம் எடுத்து, 1909-ல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஆராய்ச்சிக்காரர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள், நானும் புரட்டியிருக்கிறேன். ஆனால் அளவுகோலுக்கு முன்னால் நிற்கிறவரின் பார்வையைச் சந்திக்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

மூர் மார்க்கெட் டின்னில் கிடைத்த ஓர் அட்டையில் இப்படித்தான் ஒரு பெண் குடத்தோடு நின்றாள். மாமா லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கொடத்துல தண்ணி இல்ல. கழுத்துல நரம்பு எழும்பல பாரு." காலிக் குடத்தைத் தூக்கி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் நின்றிருக்கிறாள், எதற்கு என்று புரியாத முகத்தோடு. அந்த முகத்தில் யாரும் பென்சில் வைக்கவில்லை.

குடம் என்றதும் சொல்லத் தோன்றுகிறது: குடத்தை வைத்தே இந்த ஊர்ப் படத்துக்குக் காலம் சொல்லலாம். செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-ல் நகருக்கு வந்தது; அதற்குப் பிறகுதான் தெருக்குழாயும் அதைச் சுற்றிய சண்டையும். மண்குடமும் பித்தளைக் குடமும் வரிசையில் நின்றால் பழசு. அலுமினியம் கலந்தால் நடுக்காலம். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பிளாஸ்டிக் வந்துவிட்டால் அது எங்கள் காலம், லாரித் தண்ணீருக்கு விடியற்காலையில் எழுந்த காலம். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாதே என்றால், பிளாஸ்டிக்கின் பளபளப்பு வேறு, பித்தளையின் பளபளப்பு வேறு, பழகினால் தெரிந்துவிடும்.

காலம் கண்டுபிடிக்கும் இந்த விளையாட்டில் எனக்கு ஒரு கிறுக்கே உண்டு. தரையில் டிராம் தண்டவாளம் தெரிந்தால் 1895-க்குப் பின். அந்த ஆண்டுதான் மதராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது, இந்தியாவிலேயே முதலாவது. டிராமே ஓடிக்கொண்டிருந்தால் 1953 ஏப்ரலுக்கு முன். கம்பெனி நொடித்து அப்போதுதான் வண்டிகள் நின்றுபோயின. மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் அருகே ஜெனரல் நீலின் சிலை நின்றால் 1937-க்கு முன். 1857 கிளர்ச்சியில் கொடூரம் செய்தவனுக்கு நடுத்தெருவில் சிலையா என்று 1927-ல் சுத்தியலோடு கிளம்பியவர்கள் சிறைக்குப் போனார்கள். பத்தாண்டு கழித்து ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அது மியூசியத்துக்குப் போயிற்று. எல்.ஐ.சி. கட்டடம் தலைகாட்டினால் 1959 அல்லது அதற்குப் பின். இவ்வளவு தெரிந்தால் போதும், வாட்ஸ்அப்பில் வரும் '1850-ல் மவுண்ட் ரோடு' படத்தில் டிராம் போவதைக் கண்டு காலையிலேயே சிரித்துக்கொள்ளலாம். சினிமாவும் இதற்கு உதவும். 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் நாகேஷ் பட்டணத்தைச் சுற்றிப் பாடும் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்; நாகேஷை விட்டுவிட்டுப் பின்னால் போகிறவர்களைப் பாருங்கள். அவர்களுக்கு யாரும் நடிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் பிறந்தது ராயபுரத்தில். எங்கள் பாட்டி, "நம்ம தெருவுக்கு அந்தாண்ட இன்னும் ரெண்டு தெரு இருந்திச்சிடா, கடலு தின்னுப்புட்டுது" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பாட்டிக்கதை என்று விட்டுவிட்டேன். பிறகு துறைமுகத்துக்கு முந்தைய படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அவற்றில் கப்பல்கள் தொலைவில் நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிக் கொண்டுவரும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள், அலை அறைந்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. கட்டுமரக்காரர்கள் கடிதங்களைக் கூம்புத் தொப்பிக்குள் செருகி, நனையாமல் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் படங்களில் இன்றைய ராஜாஜி சாலையை ஒட்டியே கடல். மெரினா என்று நாம் நடக்கிற மணலில் முக்கால்வாசி அப்போது இல்லை.

1870களின் நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் போடத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதை உடைத்தது, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் அலை ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து கடற்கரை அகன்றது; கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் அதன் ஓரம் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. அங்கே கடல் கரையை அரிக்கத் தொடங்கியது. மெரினாவின் அழகும் ராயபுரத்தின் நஷ்டமும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். இதைப் பத்து பத்து ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்தால் படிக்காதவர்களும் பார்த்துவிடலாம். தெற்குப் பக்கத்துக்கு அப்படி அடுக்க எத்தனையோ படங்கள் கிடைக்கின்றன. வடக்குப் பக்கத்துக்கு அடுக்கப் போதவில்லை. பாட்டி சொன்ன அந்த இரண்டு தெருக்களை யாரும் படம் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

என் மனக்குறை இதுதான். மவுண்ட் ரோட்டுக்கும் கடற்கரைக்கும் கோட்டைக்கும் படம் இருக்கிற அளவுக்கு வடசென்னைக்கு இல்லை. எங்கள் பக்கம் படத்தில் வர வேண்டும் என்றால் ஏதாவது கெட்டது நடக்க வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்டது, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, அதற்கு அஞ்சலட்டை உண்டு. 1876-லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அதற்குப் படம் உண்டு. வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி பட்டினியில் எலும்பாகிப்போன குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை அவை. அவற்றை நான் இங்கே விவரிக்க மாட்டேன். அவற்றைப் பார்த்த அன்றே இன்னொரு படமும் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்: பக்கிங்ஹாம் கால்வாயில் பாய் விரித்த தோணிகள், கரையில் தென்னை, தண்ணீரில் நிழல். நாட்காட்டிக்குப் போடலாம், அவ்வளவு அழகு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தக் கால்வாய்த் துண்டு 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கூலிக்கு மண் சுமந்தவர்கள் ஹூப்பரின் படத்தில் இருப்பவர்களைப் போன்றவர்கள். கால்வாய்க்குப் பெயர் மட்டும் கவர்னருடையது. இன்று அந்தத் தண்ணீருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தோணிப் படத்தை ரசிக்கிறவர்கள் தூண்களைப் பார்த்து வருத்தப்படுகிறார்கள். நானும்தான். ஆனால் முதல் வருத்தம் அங்கே படவேண்டியது அல்ல.

என் அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் தறிக்காரர். பக்கிங்ஹாம், கர்நாடிக் என்று இரண்டு ஆலைகள் சேர்ந்தது. 1918-ல் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய இடம், 1996-ல் மூடப்பட்டது. அதன் படங்கள் ஆவணங்களில் உண்டு: புகைபோக்கி, எந்திர வரிசை, வாசல். நான் பல ஆண்டுகளாகத் தேடுவது ஷிப்ட் விடும் நேரத்துப் படம். சங்கு ஊதியதும் வாசல் திறக்கும். முதலில் சைக்கிள்காரர்கள், பெல் அடித்துக்கொண்டே. பின்னால் நடந்து வருகிறவர்கள், தலைமயிரில் பஞ்சுத்தூள் ஒட்டி எல்லோருக்கும் ஒரே நாளில் நரைத்தது போல. டிபன் தூக்குகள் காலியாகி ஆடும் சத்தம். எதிரில் டீக்கடையில் பாய்லர் மூடி துள்ளும். சம்பள நாள் என்றால் வாசலுக்கு அப்பால் கடன்காரர்கள் ஒருபக்கம், தங்கள் புருஷனைக் கடன்காரர்களுக்கு முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று பெண்கள் ஒருபக்கம். அம்மாவோடு நானும் நின்றிருக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் நாள் தவறாமல் செய்த காரியம் இது. இதற்கு ஒரு படம் என் கண்ணில் பட்டதில்லை. யாருக்கும் இதைப் படம் எடுக்கக் காரணம் இருக்கவில்லை. நாள்தோறும் நடப்பதை யார் எடுப்பார்கள்?

அதனால்தான் ஓரம் எனக்கு முக்கியமாகிவிட்டது. அன்றாடத்தை யாரும் குறிவைத்து எடுக்கவில்லை. கட்டடத்தையோ கவர்னரையோ எடுக்கும்போது அது ஓரத்தில் நுழைந்திருக்கிறது. செனட் ஹவுஸ் படத்தின் மூலையில் இளநீர் சீவுகிறவர். கிராமபோன் கடைத் திறப்பு விழாப் படத்தில், மாலை போட்டவர்களுக்குப் பின்னால், உள்ளே எட்டிப்பார்க்கும் பையன்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு லண்டன் நூலகத்துப் படத்தை ராயபுரத்தில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. மகள் சொல்லிக் கொடுத்தாள். நான் முதலில் நாலு மூலைக்கும் போவேன், கடைசியாகத்தான் நடுவுக்கு வருவேன்.

மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தது. பிஸ்கட் டின்னும் அதில் போயிருக்கும். மாமாவின் ஸ்டுடியோ அதற்குச் சில ஆண்டுகள் கழித்து மூடியது. முதலாளி நெகட்டிவ்களை எடைக்குப் போட்டார். பழைய கண்ணாடி பிளேட்டில் உள்ள பூச்சைச் சுரண்டினால் கொஞ்சம் வெள்ளி கிடைக்கும். கழுவிய கண்ணாடி பிரேம் கடைக்குப் போகும். சைதாப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் எத்தனையோ வீடுகளில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி ஒரு காலத்தில் யாருடைய கல்யாணமாகவோ இருந்தது. வண்டி வருவதற்கு முன் மாமா கையில் அகப்பட்ட சில பிளேட்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். அவற்றில் ஒன்று 1958-ல் எடுத்த என் அப்பா அம்மாவின் கல்யாணப் படம்.

பிரேம் போட்ட பிரதி எங்கள் வீட்டுச் சுவரில் நான் பிறந்ததிலிருந்து தொங்குகிறது. அப்பா நாற்காலியில், கையில் இரவல் வாட்ச். அம்மா பக்கத்தில் நிற்கிறாள். பின்னால் ஏரியும் அன்னங்களும் வரைந்த திரை. பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அதில் திரை முடிந்த பிறகும் படம் முடியவில்லை. இடது ஓரத்தில், செங்கல் சுவர் தெரிய, அரை டிராயர் போட்ட ஒரு பையன் வெள்ளைத் துணி கட்டிய பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நின்றான். அம்மாவின் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காக. வெறுங்கால். பலகையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் அசையாமல்.

"யாரு மாமா இது?"

"ஸ்டுடியோ பையன். அவனை வெட்டினவன் நான்தான். அந்த ஒரு படத்துல மட்டுமில்ல, எல்லாப் படத்துலயும். அதுக்கும் சேத்துதான் சம்பளம்."

பெயர் என்ன என்று கேட்டேன். மாமா யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய படங்கள் இருக்கும். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டாதீர்கள். அட்டையின் விளிம்பு வரை, கறையோடும் கிழிசலோடும் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தெருவின் பெயரும் அங்கேதான் இருக்கும். செயலியில் போட்டு வண்ணம் ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது ஊகித்துப் போட்ட நிறம், மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேனா வேண்டாம், மை ஊறும். மெல்லிய பென்சிலால் பின்னால் யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதிவையுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதுங்கள். ஓரத்தில் நிற்பவரின் பெயரை முதலில் கேளுங்கள்.